கையில் கொடுக்க வேண்டாம்

ஜூன் 3

என் கப்பல்காரருக்கு,

இங்கே நலம். அத்தையும் நலம். உங்கள் அம்மாவாயிற்றே, அந்த இருமல் மட்டும் பிடிவாதமாகப் போகமாட்டேன் என்கிறது. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பிளம்பர் "நாளைக்கு வரேன்" என்று போன வாரம் சொன்னார். போனில் பேசினால் பாதி நேரம் சண்டை, மீதி நேரம் சிக்னல் இல்லை, அதனால் கடிதமே எழுதிக்கொள்வோம் என்று முடிவு செய்தது நாம் இருவரும்தான். அதில் எனக்கு ஒரு வசதி. நான் எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து "சரி சரி, விடு" என்று உங்களால் சொல்ல முடியாது.

லீவு முடிந்து போகும்போது அந்தச் சாம்பல் நிற மப்ளரை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். மறந்தீர்களா, நான் ஒளித்துவைத்தேனா என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. "யார் கொடுத்தது?" என்று கேட்டேன். "ஒரு பாசஞ்சர்" என்றீர்கள். "ஆம்பளையா, பொம்பளையா?" என்று கேட்டேன். "பியானோ டீச்சர்" என்றீர்கள். கேட்ட கேள்விக்குப் பதிலா அது? உட்கார்ந்து உட்கார்ந்து கையால் பின்னியிருக்கிறாள், பார்த்தாலே தெரிகிறது. அதை இப்போது அத்தைதான் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கதகதப்பாக இருக்கிறதாம். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

இன்று ஆபீஸில் என் மேசைக்கு என்ன வந்தது தெரியுமா? அதே பியானோ டீச்சரின் பதிவு. ஆகஸ்ட் பயணம், உங்கள் கப்பல், ஆறாவது தளம், போன தடவை தங்கிய அதே அறை. "அறைக்குப் பழைய பணியாளரே வரவேண்டும்" என்று தனியாக ஒரு குறிப்பு வேறு. அந்தப் பழைய பணியாளர் நீங்கள்தானே. டிக்கெட் போட அவளுக்கு வேறு ஆபீஸே கிடைக்கவில்லையா? பதிவு செய்தவர்களைக் கூப்பிட்டு, கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸை இப்போதே கட்டிவிடுகிறீர்களா என்று கேட்பதுதான் என் வேலை. ஆக இவளிடமும் நான்தான் இனிக்க இனிக்கப் பேசியாக வேண்டும்.

அவள் அழகாக இருப்பாளா? உண்மையை எழுதுங்கள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உங்கள் ராங்கி


ஜூன் 21

அன்புள்ள ராங்கிக்கு,

துறைமுகத்தில் உன் கடிதம் எனக்கு முன்பே வந்து காத்திருந்தது. குழாய்க்கு அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, பிளம்பரை நேரில் போய்ப் பார். உன்னை நேரில் பார்த்தால் அவர் உடனே வந்துவிடுவார். நானாக இருந்தால் பயத்திலேயே வந்துவிடுவேன்.

அழகுதான். நாற்பது வயது இருக்கும். இல்லை என்று எழுதினால் அதற்கும் நீ ஒரு கடிதம் எழுதுவாய். நான் படுக்கையைத் தட்டிப் போடும்போது அவர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து மேசைமேல் விரல்களால் வாசிப்பார். ஒரு சத்தமும் வராது. "எப்படி இருந்துச்சு?" என்பார். "பிரமாதம்" என்பேன். எனக்குக் கல்யாணமானதும் அவருக்குத் தெரியும், உன் கோபமும் தெரியும். இவ்வளவுதான் கதை, நீ இதில் மேலும் தோண்டினால் தண்ணீர்கூட வராது.

உங்கள் ஆபீஸ்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. முன்கூட்டியே டிப்ஸ் கட்டிவிட்டு வருகிறவர்கள் எங்களை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பணம் எல்லோருக்கும் பிரித்து வந்துவிடுகிறது, அதில் குறையில்லை. ஆனால் கடைசி நாள் காலையில் ஒருவர் கதவருகே நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்து ஒரு கவரைக் கொடுக்கிறாரே, அது வேறு. அப்படிக் கையில் கொடுக்கிறவர்கள்தான் கருத்துச் சீட்டிலும் என் பெயரைப் போட்டு நாலு வரி எழுதுகிறார்கள். இந்த சீசனில் அந்தச் சீட்டுகள் எனக்கு ரொம்ப முக்கியம். ஏன் என்று கேட்காதே. ஒரு விஷயம் இருக்கிறது. நிச்சயமானதும் சொல்கிறேன்.

அம்மாவை வெந்நீர் குடிக்கச் சொல்.

உன்னவன்


ஜூலை 9

என் கப்பல்காரருக்கு,

என்ன விஷயம்?

உங்கள் கடிதத்தில் பிளம்பர், டீச்சர், மேசைமேல் பியானோ எல்லாம் எனக்கு மறந்துவிட்டது. இந்த ஒரு வரி மட்டும் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. பெண்டாட்டியிடம் சொல்ல முடியாத விஷயம் ஒரு மனுஷனுக்கு என்ன இருக்க முடியும்? அத்தையிடம் கேட்டேன். "அவன் சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான், வாயைத் திறக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அப்புறம், கையைப் பிடித்துக் கொடுப்பார்களா? எல்லோருமா? அவளுமா? இத்தனை வருஷத்தில் இதைச் சொல்லவே இல்லையே நீங்கள். நான் ஏதோ மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்திருந்தேன்.

இங்கே ஒரு நல்ல செய்தி. மேலாளர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். உங்கள் கப்பலின் ஆறாவது தளத்துக்குப் பதிவு செய்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் டிப்ஸை முன்கூட்டியே கட்டிவிட்டார்கள். "என்னம்மா மாயம் பண்ணே?" என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரி கூட வந்து, எப்படிப் பேசினேன் என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும்தான் ரகசியம் இருக்கலாமா?

உங்கள் டீச்சரும் கட்டிவிட்டாள். முதலில் "இல்லீங்க, நான் எப்பவும் கையிலதான் கொடுப்பேன்" என்று இழுத்தாள். குரல் நன்றாகத்தான் இருக்கிறது, நான் ஒத்துக்கொள்கிறேன். ஆற அமரப் பேசினேன். கட்டிவிட்டாள்.

மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த விஷயத்தை மட்டும் எழுதிவிடுங்கள்.

உங்கள் ராங்கி


ஆகஸ்ட் 14

அன்புள்ள ராங்கிக்கு,

உன் பாராட்டுக்குச் சந்தோஷம். எனக்கு இங்கே எல்லாம் தலைகீழாக இருக்கிறது.

என்மேல் ஏதாவது நாற்றம் அடிக்கிறதா என்று கூட வேலை செய்கிறவனைக் கேட்டுவிட்டேன். முகர்ந்து பார்த்து இல்லை என்றான். போன பயணத்திலும் சரி, இந்தப் பயணத்திலும் சரி, நான் பார்க்கிற நடையில், அந்த அறை வரிசையில் இருக்கிறவர்கள் என்னைக் கண்டால் அறைக்குள் போய்விடுகிறார்கள். வருஷா வருஷம் வருகிற வக்கீலும் அவர் சம்சாரமும் நான் துண்டு கொண்டுபோய்க் கொடுத்தால் கதவை ஒரு சாண் திறந்து வாங்கிக்கொள்கிறார்கள். பேரன் படிப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற மனுஷன் அவர். கருத்துச் சீட்டுகளில் இதுவரை ஒன்றில்கூட என் பெயர் இல்லை.

டீச்சர் ஏறிவிட்டார். முதல் நாள் லேசாகத் தலையசைத்தார். அன்றிலிருந்து "தொந்தரவு செய்யாதீர்கள்" பலகை கதவில் தொங்குகிறது. படுக்கையை அவரே போட்டுக்கொள்கிறார், குப்பையைக்கூட அவரே கட்டி வெளியில் வைத்துவிடுகிறார். நான் என்ன தப்பு செய்தேன் என்று புரியவில்லை. போன தடவை ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. கடைசி நாள் கேட்டுவிடலாமா என்று பார்க்கிறேன்.

அந்த விஷயத்தை இப்போது கேட்காதே. கைநழுவிப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

உன்னவன்


செப்டம்பர் 1

என் கப்பல்காரருக்கு,

வக்கீலுக்கு மூன்று வரி. மற்ற பாசஞ்சர்களுக்கு இரண்டு வரி. அவளுக்கு மட்டும் ஒரு பத்தி முழுவதும். பலகை எங்கே தொங்குகிறது, குப்பையை யார் கட்டுகிறார்கள் என்பதுவரை எழுதத் தெரிகிறது. அம்மா இருமல் எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. நான் எப்படி இருக்கிறேன் என்றும் இல்லை.

ஒருத்தி பேசவில்லை என்பதற்கு இவ்வளவு வாட்டமா? நான் உங்களோடு பேசாமல் எத்தனை நாள் இருந்திருக்கிறேன். அப்போதெல்லாம் வேளாவேளைக்குச் சாப்பிட்டீர்கள், குறட்டை விட்டுத் தூங்கினீர்கள். எனக்காக ஒரு நாளாவது மண்டை காய்ந்திருக்கிறதா உங்களுக்கு? எனக்குப் பொறாமைதான், ஆமாம். இல்லை என்று சொன்னேனா? நீங்கள் வருஷத்தில் எட்டு மாதம் மற்றவர்கள் படுக்கையைத் தட்டிப் போடுகிறீர்கள். அவர்கள் காலையில் எழுந்ததும் பார்க்கிற முகம் உங்களுடையது. எனக்குக் கிடைப்பது குழாயும் கடிதமும்.

எது கைநழுவிப் போகும் என்று பயப்படுகிறீர்கள்? அவளா?

அத்தைக்கு இருமல் பரவாயில்லை. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் பதில் எழுதுங்கள்.

உங்கள் ராங்கி


செப்டம்பர் 22

வீட்டுக்கு,

உன் கடிதம் வரும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. உடனே எழுதியிருந்தால் வாய்க்கு வந்ததை எல்லாம் கொட்டியிருப்பேன், அதனால் பொறுத்திருந்தேன்.

கடைசி நாள் காலையில் டீச்சர் பெட்டியோடு நடையில் நின்றார். நான் கேட்பதற்குள் அவரே கேட்டார். "போன தடவை நான் உங்களை ரொம்பச் சங்கடப்படுத்திட்டேனா?"

"இல்லீங்களே. ஏன் கேக்குறீங்க?"

"உங்களுக்குக் கையில கொடுத்தாப் பிடிக்காதாம், யாராவது பேச்சுக் கொடுத்தாலும் பிடிக்காதாம். நீங்க மேல புகாரே கொடுத்திருக்கீங்கன்னு பதிவு ஆபீஸ்ல ஒரு பொண்ணு சொன்னாங்க. நான்தானே ரொம்பப் பேசினது. மன்னிச்சுக்குங்க."

எதிர் அறை வக்கீலிடமும் அதையேதான் சொன்னாயாம். நடை முழுவதும் சொல்லியிருக்கிறாய். அந்தப் பெண் போனை வைக்கும்போது, "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றாளாம். அது யார் சொல்கிற வார்த்தை என்று எனக்குத் தெரியாதா?

இனி அந்த விஷயத்தைச் சொல்வதில் ஒன்றுமில்லை. எங்கள் தளத்துக்கு சூப்பர்வைசர் வேலை காலியானது. அந்த வேலைக்குத் தனி அறை உண்டு, வட்ட ஜன்னலோடு. வருஷத்தில் ஒரு பயணம் மனைவியைக் கூட வைத்துக்கொள்ளலாம். உனக்கு ஜன்னல் பக்கம் என்றுகூட நான் முடிவு செய்திருந்தேன். சீட்டுகளில் யார் பெயர் அதிகம் வருகிறதோ அவருக்குத்தான் அந்த வேலை. கப்பல் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு என்னய்யா ஆச்சு, மனுஷங்களையே பிடிக்காம போயிடுச்சா?" என்று கேட்டார். உன்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எதிர் நடைக்காரனுக்குக் கிடைத்துவிட்டது. அவன் மனைவி டிசம்பரில் ஏறுகிறாள்.

நான் வேறு கப்பலில் ஒப்பந்தம் போட்டுவிட்டேன். குளிர் கடல் பக்கம் போகிறது. அந்தக் கப்பலுக்கு உன் ஆபீஸில் டிக்கெட் போடுவதில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். உன்னை விட்டுப் போகவில்லை. உன் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகிறேன். கொஞ்ச நாள் எழுதமாட்டேன். பணம் அம்மா கணக்குக்கு வரும்.

இப்படிக்கு


அக்டோபர் 15

என் கப்பல்காரருக்கு,

ராங்கி என்று நீங்கள் எழுதவில்லை. கடிதத்தைப் பிரித்ததும் அதைத்தான் பார்த்தேன். கீழேயும் யார் என்று போடவில்லை.

எதிர் நடைக்காரர் மனைவி டிசம்பரில் ஏறுகிறாள் என்று படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, பொறாமைதான் வந்தது. எப்படிப்பட்ட ஜென்மம் பாருங்கள். ஜன்னல் பக்கம் அவள் படுப்பாளே என்று அடிவயிறு எரிந்தது. அப்புறம்தான் அவளை ஏற்றிவிட்டதே நான்தான் என்று உறைத்தது. அதற்குப் பிறகு அழுத அழுகையை அத்தைதான் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் அவர் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் எனக்கும் சேர்த்து டீ போட்டார்.

ஆபீஸில் மேலாளரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். உங்கள் பழைய கப்பல் நிர்வாகத்துக்கும், குறை அவர்மேல் இல்லை, என் வாயில்தான் என்று எழுதிப் போட்டேன். போன் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது பின்பக்க அறையில் பழைய ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். என் வாய்க்கு அங்கே வேலையில்லை.

டீச்சரிடமும் பேசினேன். திட்டுவாள் என்று நினைத்தேன், சிரித்துவிட்டாள். நான் வெட்கத்தை விட்டு, மப்ளர் எத்தனை நாளில் பின்னினீர்கள் என்று கேட்டேன். "பின்னுறதா? எனக்கு ஊசி பிடிக்கவே தெரியாதுங்க. கப்பல் கடையில தள்ளுபடியில வாங்கினது. என் தம்பிக்குன்னு எடுத்தேன், கலர் பிடிக்கலைன்னு அவன் போன்லயே சொல்லிட்டான்" என்றாள். இந்த ஒரு மப்ளருக்காக நான் உங்கள் வட்ட ஜன்னலையே விற்றுவிட்டேன்.

அதை இதோடு பார்சலில் அனுப்புகிறேன். குளிர் கடல் என்று எழுதியிருக்கிறீர்கள், கட்டிக்கொள்ளுங்கள். அத்தையின் தைல வாசனை அடிக்கும். துவைத்து அனுப்பியிருக்கலாம், வேண்டுமென்றேதான் துவைக்கவில்லை. கட்டும்போது வீட்டு ஞாபகம் வரட்டும். நானும் ஒரு நாள் கட்டிப் பார்த்தேன். கதகதப்பாகத்தான் இருக்கிறது.

புதுக் கப்பலில் யாராவது கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்துச் சிரியுங்கள். ரொம்பச் சிரிக்க வேண்டாம். அங்கே எவளாவது ஒருத்தி இன்னொரு மப்ளர் கொடுத்தால், அதற்கான சண்டையை நான் இங்கேயே முன்கூட்டிக் கட்டிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி உங்களிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

குழாயைச் சரிசெய்துவிட்டார்கள். நேரில்தான் போனேன்.

மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உங்கள்


டிசம்பர் 6

ராங்கிக்கு,

பார்சல் கிடைத்தது. தைல வாசனை தாங்க முடியவில்லை, அறையில் கூடப் படுக்கிறவன் மூக்கைப் பிடித்துக்கொள்கிறான். கட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. பழைய கப்பலிலிருந்தும் நேற்று ஒரு கடிதம் வந்தது.

ஒரு விஷயம் இருக்கிறது. நிச்சயமானதும் சொல்கிறேன்.

உன்னவன்