ஞாயிற்றுக்கிழமை மழை

தம்பி,

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண் கொஞ்சம் நல்லெண்ணெய் கேட்டு வந்தாள். உங்கள் அண்ணி அலமாரியிலிருந்து அந்த மழை அளக்கும் கண்ணாடிக் குவளையை எடுத்து, அதில் ஊற்றிக் கொடுத்து, "கவர்மென்ட் அளவுடி, சொட்டு குறையாது" என்றாள். விளிம்பு உடைந்ததால் ஆபீஸில் கழித்துவிட்ட குவளை. கோடுகளுக்கு நடுவே எண்ணெய் நிற்பதைப் பார்த்ததும் உங்கள் முகம் வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது.

செட்டிகுளம் பக்கம் ஒரு அரசுக் கட்டடத்தில் நான் வாட்ச்மேன். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்ட என்னிடம்தான், வளாகத்து மழைமானியைத் தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து எழுதும் வேலையையும் கொடுத்திருந்தார்கள். புள்ளியியல் பிரிவிலிருந்து நீங்கள் மாதம் ஒருமுறை பெரம்பலூர் பஸ்ஸில் வந்து நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவீர்கள். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆபீஸர் என்று நான் எழுந்து நின்றால், "உக்காருங்கண்ணே, எனக்கும் கால் வலிக்குது" என்பீர்கள்.

மழை பொய்த்த அந்த வருடம் வெங்காயம் காட்டிலேயே சுருங்கிப்போனது. எங்கள் பகுதியை வறட்சிப் பட்டியலில் சேர்ப்பதா என்று முடிவு செய்ய ஆறு மாத நோட்டை மேலிடம் கேட்டிருந்தது. அதை அனுப்புமுன் ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று வந்தீர்கள். என் ஸ்டூலில் உட்கார்ந்து புரட்டினீர்கள். பாதியில் சிரித்தீர்கள்.

"ஏண்ணே, உங்க ஊர் மழை ஞாயித்துக்கிழமை மட்டும் சர்ச்சுக்குப் போயிடுதா?"

"ஏன் தம்பி?"

"ஒரு ஞாயிறு விடாம பூஜ்யம்."

"பெய்யலைங்க. பாத்துட்டுத்தான் எழுதினேன்."

"எட்டரைக்கா?"

"டான்னு எட்டரைக்கு."

"அப்ப போன ஞாயிறு எட்டரைக்கு அரியலூர் பஸ்ஸுல என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டு வந்தது யாரு? இறங்கினதும் டீ வேற வாங்கிக் குடுத்தீங்க."

பொய் சொல்வதற்கும் கொஞ்சம் ஞாபகசக்தி வேண்டும். எனக்கு அது இல்லை. வரதராசன்பேட்டை ஹாஸ்டலில் படித்த மகளைப் பார்க்க ஒவ்வொரு ஞாயிறும் விடிகாலையிலேயே கிளம்பிவிடுவேன். மறுநாள் வந்து, பார்க்காத நாளுக்கு ஒரு பூஜ்யம் போட்டுவிடுவேன். ஞாயிற்றுத் தண்ணீரும் திங்கள் கணக்கில் சேர்ந்துவிடும்.

"விட்டுடுங்க தம்பி. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். அவ படிப்பு நின்னுடும். பூஜ்யம்தானே, யாருக்கு என்ன நட்டம்?" என்றேன்.

உங்கள் சிரிப்பு நின்றது. "பூஜ்யம்னா நீங்க போய்ப் பாத்தீங்க, தண்ணி இல்லன்னு அர்த்தம். பாக்காத நாளுக்கும் அதையே போட்டா, நெசமாவே காஞ்ச நாளை எவன் நம்புவான்? இந்த ஞாயித்துக்கிழமை சங்கதியை வேற ஒருத்தன் கண்டுபிடிச்சா நோட்டையே தூக்கிப் போட்டுடுவான். வெங்காயம் போட்டவன் என்னண்ணே பண்ணுவான்?"

சிவப்புப் பேனாவைக் கொடுத்தீர்கள். இருபத்தாறு பூஜ்யத்தையும் என் கையாலேயே அடித்து, பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் பத்தாவது விடைத்தாளில்கூட அவ்வளவு சிவப்பு இருந்ததில்லை.

"காலியா விட்டா மேல திட்டுவாங்களே தம்பி?"

"நான் வாங்கிக்கிறேன். இனிமே ஞாயிறு அண்ணி பாக்கட்டும்."

வாங்கிக்கொண்டீர்கள். உங்கள் ஆபீஸ் பியூன் பிறகு சொன்னார். அத்தனை பேர் முன்னாலும் மேலதிகாரி நோட்டை மேசையில் வீசி, "யாருய்யா இதுக்குப் பொறுப்பு?" என்று கேட்டாராம். "மாசாமாசம் கையெழுத்துப் போட்டது நான்தாங்க. ஆறு மாசமா கவனிக்காதது என் தப்பு" என்றீர்களாம். மெமோ உங்களுக்கு வந்தது. எனக்கு வந்தது வெறும் எச்சரிக்கை. நோட்டு மட்டும் அடித்தது அடித்தபடியே மேலே போனது.

எங்கள் பகுதி பட்டியலில் வந்தது. அந்த நோட்டால்தானா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று உங்களுக்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அண்ணி அதன்பிறகு ஞாயிறுதோறும் எடுத்த அளவுகள் என்னுடையதைவிடச் சுத்தம். அதைச் சொல்லிக்காட்ட இன்றுவரை அவள் மறந்ததில்லை.

மகள் படித்து முடித்து ரெட்டிபாளையம் பக்கம் வேலையில் இருக்கிறாள். எனக்குச் சர்க்கரை வந்திருக்கிறது. தினமும் காலையில் பார்த்து எழுத மெஷினும் நோட்டும் அவள்தான் வாங்கித் தந்தாள். போன வாரம் என்னோடு டாக்டரிடம் வந்தாள். டாக்டரம்மா நோட்டைப் பார்த்ததும், "மூணு நாளைக்குப் பார்க்கவில்லைன்னு எழுதியிருக்கீங்களே, இதென்ன ஆபீஸ் நோட்டா?" என்று காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு பாட்டம் திட்டினார்.

வெளியே வந்ததும் மகளுக்குக் கோபம். "ஏதாச்சும் ஒரு நம்பரைப் போட்டிருக்கலாம்லப்பா? இத்தனை பேர் முன்னாடி திட்டு வாங்கணுமா?"

"வாங்கலாம்மா" என்றேன்.

இருபத்தாறு ஞாயிற்றுக்கு நீங்கள் வாங்கினீர்கள். மூன்று நாளுக்கு நான் வாங்கக் கூடாதா, தம்பி?