ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

என் பிரியமான ஹெட்மாஸ்டருக்கு,

நம் நிர்மலா வெள்ளிக்கிழமை பொம்மிடி ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். லேப்டாப்பில் ராஜினாமாக் கடிதம் தயாராக இருந்தது.

எந்த வயதுக்காரர் இன்னும் எத்தனை வருடம் இருப்பார் என்று கணித்து, இன்சூரன்ஸ் பிரீமியத்தை நிர்ணயிக்கும் ஆக்சுவரி வேலை அவளுக்கு. அந்தப் பரீட்சைகளை முடிக்கவே ஒன்பது வருடம் ஆயிற்று. கடைசித் தாளில் தேறியபோது தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

அவள் குழு ஒரு மாதம் செய்த வேலையை ஏஐ ஒரு மத்தியானத்தில் முடிக்கிறதாம். புதிதாக யாரையும் எடுப்பதில்லை. “அவங்க அனுப்பறதுக்கு முன்னாடி நானே வந்துடறேம்மா,” என்றாள். கடிதத்தைப் படித்தேன். இரண்டு இடத்தில் கமா தவறு. சொன்னேன்.

சாப்பிடும்போது அலுத்துக்கொண்டாள். “நம்ம மலை கிராமங்கள்ல ஜூன் ஒண்ணாந் தேதி பொறந்தவங்க சீக்கிரம் செத்துப்போறாங்களாம். அவங்களுக்குப் பிரீமியத்த ஏத்தச் சொல்லுது அந்த ஏஐ. மீட்டிங்ல ஒருத்தரும் வாயத் தொறக்கல.”

எனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. “அடியே, அது உங்கப்பா செஞ்ச வேலை!”

ஆடு மேய்த்துவிட்டு எட்டு வயதில் பள்ளிக்கு வந்த பிள்ளைகளையும், தலைக்கு மேல் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்லி, ஐந்து வயது என்று ஜூன் ஒன்று போட்டது நீங்கள்தானே? “ஏங்க, மலை முழுக்க ஒரே நாள்லயா பிரசவம்?” என்று கேட்டேன். “இருக்கட்டும் சரோஜா, நாளைக்கு சர்க்கார் வேலைக்கு மூணு வருஷம் கூடக் கெடைக்கும்,” என்றீர்கள். நல்ல மனசுதான். ஆனாலும் பொய். காகிதத்தில் ஐம்பது, உடம்பில் ஐம்பத்து மூன்று. அவர்கள் சீக்கிரம் சாகவில்லை. உங்கள் கையெழுத்தை மெஷின் அப்படியே நம்பிவிட்டது.

நிர்மலாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு முகம் வாடியது. “இத ஒரு தடவ சொல்லிட்டா அதுவும் கத்துக்கும்மா. அப்புறம் நான் எதுக்கு?”

“கத்துக்கட்டும். அடுத்த தப்ப யாரு கேப்பா? வாயத் தொறக்காத உன் மீட்டிங்கா? நீயுந்தானே அங்க ஒக்காந்திருந்த?”

பாதியில் எழுந்து கை கழுவப் போனாள். கடுமையாகப் பேசிவிட்டேனா?

அவளை வைத்துக்கொள்வார்களா, தெரியாது. அனுப்பினால் அனுப்பட்டும். கேட்க வேண்டியதைக் கேட்காமல் தானாக எழுந்து வர என் மகளை விடமாட்டேன். கடிதத்தை அவள் இன்னும் அழிக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை மீட்டிங்கில் பேசப்போகிறாள். ஆதாரம் கேட்பார்களாம்.

ஆதாரம் நான் தருகிறேன். அடுத்த வாரம் மலைக்குப் பஸ் ஏறுகிறேன். முழங்கால் என் பாடு. உங்கள் பழைய மாணவர்களை உட்காரவைத்து, யார் எந்த மழைக்குப் பிறகு பிறந்தார், யாருக்கு யார் மூத்தவர் என்று கேட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன். உங்கள் ஜூன் ஒன்றுகளை ஒவ்வொன்றாகத் திருத்தி முடிக்காமல் உங்களிடம் வந்து சேரமாட்டேன். அதுவரை மாலை போட்ட படத்திலேயே காத்திருங்கள்.

அன்று போலவே இன்றும் உங்களோடு ஒத்துப்போகாத,
உங்கள் மனைவி
சரோஜா