மெஷின் டிராயரில் இருந்த கடிதம்

செல்ல அணிலுக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. உன் அம்மாவைப் பெற்ற அம்மாள் இரண்டு வேளையும் பால் ஆற்றித் தருகிறாராம், நீயும் குடிக்கிறாயாம், உன் அப்பா சொன்னான். இங்கே பால் என்றாலே மாடிக்கு ஓடுவாய். இருக்கட்டும்.

போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், பக்கத்தில் அவர் இருப்பார். அதனால்தான் கடிதம். மூன்றாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள், எழுத்து கோணலாக இருக்கும். ஞாபகம் கோணல் இல்லை.

போன ஞாயிறு நீ சொன்னதே காதில் நிற்கிறது. தலைமையாசிரியையாக இருந்தவர் அல்லவா, வீட்டிலும் கரும்பலகை மாட்டி வைத்திருக்கிறார். உனக்குப் பிடித்ததையெல்லாம் எழுதி, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, குறைந்ததை டஸ்டரால் துடைத்தாராம். பூச்சி ஆராய்ச்சி போச்சு, வயலின் போச்சு, கணக்கு மட்டும் மிச்சம். கணக்குக்குப் பேர்போன கல்லூரி அவர் தெருமுனையிலேயே இருக்கிறது, வெள்ளிக்கிழமை சேர்த்துவிடப் போகிறார். அணில் மாதிரி எல்லாத்தையும் கடிச்சு வச்சா ஒண்ணும் உருப்படாதுடி என்றாராம். அணில் கடித்த பழம்தான் ருசி என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போல.

நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எட்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்தபோதும் இதே சிரிப்புதான். நீ அலாரம் கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டியதில் மிஞ்சிய திருகு இன்னும் என் ஊசி டப்பாவில் இருக்கிறது. கடிகாரமும் ஓடுகிறது. அதற்கெல்லாம் அவர் எங்கே இருந்தார்? நீ பிறந்த ஐந்தாம் நாள் வந்து, நான் பின்னிய மஞ்சள் ஸ்வெட்டருக்கு மேலேயே கடையில் வாங்கியதை மாட்டினார். உன் அப்பா கல்யாண போட்டோவில் என்னை மூன்றாம் வரிசைக்கு அனுப்பியதும் அவர்தான். பத்தொன்பது வருஷம் ஆகிறது. நான் எதையும் துடைப்பதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ அங்கே போன மறுநாள் உன் பேருக்கு ஒரு கடிதம் வந்தது, நீ விண்ணப்பம் போட்டிருந்த அந்த மலையடிவாரக் கல்லூரியிலிருந்து. இங்கிலீஷில் இருந்ததால் மருந்துக்கடைக்காரம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். உனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் வருஷம் எதையும் விட வேண்டாமாம், மூணும் படிச்சுட்டு அப்புறம் சொன்னாப் போதும்னு போட்டிருக்கு பாட்டி என்றார். பத்தொன்பதாம் தேதிக்குள் பதில் போட வேண்டுமாம்.

ரயிலில் ஒரு முழு நாள் ஆகும் அந்த ஊருக்கு. கடிதத்தைத் தையல் மெஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். எட்டு நாள் வாயைத் திறக்கவில்லை. நம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் கல்லூரியில் நீ சேர்ந்தால் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டேன். அங்கே உனக்குப் பிடித்தது ஒன்றுகூட இல்லை. தெரிந்துதான் போட்டேன். உன்னை எங்கே சேர்ப்பது என்று உன் அப்பாவிடம் ஜாடையாகக் கேட்டதற்கு, அவ இஷ்டம்மா என்று பேப்பருக்குள் புகுந்துகொண்டான்.

நேற்று உன் அம்மா சொன்னாள், அவர் மாடி அறையைக் காலி செய்து உனக்குப் புது மேசை, படிக்கிற விளக்கு எல்லாம் வாங்கிப் போட்டுவிட்டார் என்று. நேராகப் போய் டிராயரைத் திறந்தேன்.

பெரிய மனசு பண்ணி அனுப்புகிறேன் என்று நினைக்காதே. உன்னை அவர் வீட்டில் விட்டுவைக்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான். எனக்கும் வேண்டாம், அவருக்கும் வேண்டாம், நீ அந்த மலையடிவாரத்துக்கே போ. போய் மூன்றையும் கடி. பூச்சி முதலில்.

கல்லூரிக் கடிதத்தையும் இதோடு சேர்த்துக் கூரியரில் போடுகிறேன், நாளைக்கே வந்துவிடும், பதில் போட நாள் இருக்கிறது. ஒளித்து வைத்ததற்குத் திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு.

நன்றாக இரு. போய்ச் சேர்ந்ததும் முதல் கடிதம் எனக்குப் போடு. அவருக்கு மறுநாள் போட்டால் போதும். பட்டம் வாங்கும் அன்று போட்டோ எடுப்பார்கள், அதுவரை நான் இருப்பேன். உனக்கு ஒட்டினாற்போல் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல். அவர் வேண்டுமானால் அந்தப் பக்கம் உட்காரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பாவைப் பெற்ற பாட்டி