திருமதி முன்னெச்சரிக்கை

மார்ச் 3, செவ்வாய்

கடைக்குப் பெயின்ட் அடித்து முடித்தாயிற்று. அலமாரிகள் வந்துவிட்டன. கைக்குழந்தைகளுக்கான சட்டை, சாக்ஸ், போர்வை எல்லாம் பெட்டி பெட்டியாக இறங்கிவிட்டன. பெயர் மட்டும் இல்லை. பெட்டிகளை இறக்கியவர் ரசீதில் எழுதக் கடைப் பெயரைக் கேட்டார். நானும் அண்ணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "இன்னும் பேர் வெக்கலைன்னு எழுதிக்குங்க" என்றார் அண்ணி. அந்த மனிதரும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கடையில் பாதி அண்ணியுடையது. என் கணவரின் அக்கா. தம்பி பெண்டாட்டியோடு கூட்டு வியாபாரமா என்று பலர் பயமுறுத்தியும் கேட்காமல் வந்தவர். பெயரும் லோகோவும் செய்ய இரண்டு டிசைனர்களைப் பிடித்திருக்கிறோம். ஓர் இளைஞர், ஒரு பெண். அவருக்குத் தாடி. அவளுக்குக் கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில். அதனால் அண்ணிக்கு அவர்கள் தாடி, பென்சில், இப்போது எனக்கும்.

"பேர் கடைசியிலதான் மேடம் வரும். முதல்ல கடைக்கு யார் வருவாங்கன்னு கண்டுபிடிக்கணும்" என்கிறார் தாடி. அதற்காகக் கற்பனையாக ஒரு பெண்ணை உருவாக்குவார்களாம். வயது, படிப்பு, பழக்கம் எல்லாம் வைத்து. பிறகு கடைப் பையின் நிறத்திலிருந்து எல்லாவற்றையும் 'இது அவளுக்குப் பிடிக்குமா' என்று பார்ப்பார்களாம்.

"இல்லாதவகிட்ட கேக்கறதுக்கு, இருக்கற எங்ககிட்ட கேட்டா ஆகாதா?" என்றார் அண்ணி.

குழந்தை உள்ள வீடுகளில் பேசிப் பார்க்க வேண்டும், உங்கள் வீட்டாரிடமும் பேசலாமா என்றார்கள். தாராளமாக என்றேன்.

என் பெண் குட்டி இன்று பெயின்ட் டப்பா மூடியைத் தொட்டுவிட்டாள். உடனே கழுவிவிட்டேன். ஆனாலும் குழந்தை டாக்டரின் நர்ஸுக்கு போன் செய்தேன். ஒரு தடவை அல்ல.

மார்ச் 5, வியாழன்

குட்டிக்குச் சளி. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 9, திங்கள்

மனசு ஒரு நிலையில் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதினால் அடங்குகிறதா பார்ப்போம்.

காலையில் டிசைனர்களின் அலுவலகம். நீள மேசை, சுவரில் துணி போட்டு மூடிய ஒரு பலகை. தாடி வித்தைக்காரர் மாதிரி துணியை உருவினார். "இவங்கதான் நம்ம வாடிக்கையாளர். திருமதி முன்னெச்சரிக்கை."

முகமில்லாத ஒரு பெண்ணின் கோட்டுச் சித்திரம். சுற்றிலும் சீட்டுச் சீட்டாகக் குறிப்புகள். பென்சில் வாசித்தாள். இளம் தாய், பட்டதாரி. ஒரு கேள்வியை மூன்று பேரிடம் கேட்பாள். மூவரும் ஒரே பதிலைச் சொன்னால் நாலாவது ஆளைத் தேடுவாள். அண்ணி சிரித்தார், நானும் சிரித்தேன். பால் புட்டியைக் கொதிக்க வைப்பாள். அதை எடுக்கிற இடுக்கியையும் கொதிக்க வைப்பாள்.

"அந்த இடுக்கியை எதால எடுப்பாளாம்?" என்றார் அண்ணி. மேசையே குலுங்கியது. எனக்கு உள்ளே லேசாக உறுத்தியது. ஆனால் எல்லா அம்மாவும் இப்படித்தானே?

அடுத்த சீட்டு. "ராத்திரி எழுந்து குழந்தையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். கணவனுக்குத் தெரியக் கூடாது. அதனால் குளியலறைக்குப் போய்க் குழாயைக் கொஞ்சம் திறந்து மூடிவிட்டு வந்து படுப்பாள்."

குழாய்.

குழாயைப் பற்றி நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட. எப்படி? — எப்படி எழுதினார்கள்? சிரித்த வாய் சிரித்தபடியே நின்றுவிட்டது. அதை எப்படி மூடுவது என்று தெரியவில்லை.

கடைசித் தாளில் கடையின் பெயர் இருந்தது. 'ஒருவேளை'. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: 'நடந்த பிறகு யோசிக்காதீர்கள்.'

"இவங்க எது பேசினாலும் இந்த வார்த்தையிலதான் ஆரம்பிப்பாங்க மேடம். ஒருவேளை மூச்சு முட்டினா, ஒருவேளை உருண்டு விழுந்தா" என்றார் தாடி. அண்ணி கைதட்டிவிட்டார். நானும் தட்டினேன். தட்டினேனே!

மார்ச் 10, செவ்வாய்

இது அண்ணி வேலைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். குட்டி பிறந்த புதிதில் எங்கள் வீட்டில்தானே தங்கியிருந்தார்? அடுத்த அறை. கடையில் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"என்னைப் பத்தி அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"உன்னைப் பத்தி என்ன இருக்கு சொல்ல?"

"ராத்திரி நான் எழுந்திருக்கறது."

"நீ எழுந்திருப்பியா? அடியே, நான் படுத்தா பொணம். வீட்டைத் தூக்கிட்டுப் போனாலும் தெரியாது." மடித்த சட்டையைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். முகம் மாறியது. "அது நீயா? ஐயோ... நான் வேற இடுக்கியைப் பத்திப் பேசிச் சிரிச்சேனே."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "தாடி என்கிட்ட பத்து நிமிஷம்தான் பேசினார். என் தம்பிகிட்டதான் ரொம்ப நேரம் உக்காந்திருந்தார். அவனைக் கேளு."

அதே நாள், மறுபடி

கேட்டுவிட்டேன். அவர் குட்டிக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"பேர் சொல்லல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தின்னுதான் சொன்னேன்."

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

"நீ எழுந்தா எனக்கும் முழிப்பு வந்துடும்."

"எப்பவும்?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, குழாயைக்கூடத் திறக்காம இன்னும் நைசா எழுந்திருப்ப. தண்ணி சத்தம் கேட்டாலாவது நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும்."

இத்தனை மாதமும் நான் பூனை மாதிரி நடந்தது யாருக்காக? திருடன் பூட்டை உடைப்பதை வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்த கதையாகிவிட்டதே. கோபமா, வெட்கமா, இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. என்கிட்ட சொல்லாததை ஒரு தாடிகிட்ட சொல்லணுமா? அதையும் கேட்டுவிட்டேன்.

"அவர் கேட்டார்மா. இதுவரைக்கும் என்னை யாரும் கேட்டதில்ல. ஆரம்பிச்சேன், நிறுத்த முடியல."

குட்டி வாயைத் திறந்துகொண்டே காத்திருந்தாள். அவர் ஊட்டினார். நான் எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 11, புதன்

பேசவில்லை. அவரும் பேசவில்லை.

மார்ச் 14, சனி

தனியாக டிசைனர்களிடம் போனேன். பலகையைக் காட்டி, "அது நான்" என்றேன்.

பென்சிலுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மேடம், சத்தியமா எங்களுக்குத் தெரியாது. அவர் சொந்தத்துல யாரோன்னு நினைச்சோம்."

தாடி மட்டும், "அப்ப சரியாத்தான் புடிச்சிருக்கோம்" என்றார். பென்சில் முறைத்த முறைப்பில் தாடி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

இதை எடுத்துவிடுங்கள், பெயரும் வேண்டாம் என்றேன். தாடி தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். அந்தக் குழாய்ச் சீட்டையும் பெயரையும் அட்டையில் எழுதி, குழந்தை டாக்டரிடம் காத்திருந்த அம்மாக்களிடம் காட்டிப் பார்த்தார்களாம். பெயர் பிடிக்கிறதா என்று கேட்கத்தான் போனார்கள். யாரும் பெயரைப் பற்றிப் பேசவில்லை. "இதை உங்களுக்கு யார் சொன்னது?" என்று ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாளாம். இன்னொருத்தி போனுக்கு சார்ஜ் போட எழுந்திருப்பதாக வீட்டில் சொல்லிவைத்திருக்கிறாள். ஒருத்தி கொசு அடிக்க எழுந்திருப்பாள். அவர்கள் வீட்டில் கொசுவே கிடையாது.

இத்தனை பேரா? நான் நினைத்துக்கொண்டிருந்தது... உலகத்திலேயே ஒரே ஒரு பைத்தியம், அது நான் என்று.

"அதனாலதான் சொல்றேன் மேடம். இந்தப் பேரைப் பாத்தா ஒருத்தரும் தாண்டிப் போக மாட்டாங்க" என்றார் தாடி.

அது உண்மை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 18, புதன்

வெள்ளிக்கிழமை பெயரைச் சொல்லாவிட்டால் போர்டு எழுதுகிறவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். அண்ணிக்கு 'ஒருவேளை'தான் வேண்டும்.

"உன் விஷயம் ஒருத்தருக்கும் தெரியாதுடி. எல்லாருக்கும் இந்த பயம் இருக்குன்னா, எல்லாரும் வருவாங்கதானே?"

"பயந்து வர்றவகிட்டயா அண்ணி விக்கறது?"

"பயப்படாதவ எதுக்குக் கடைக்கு வரணும்? வீட்டுல உக்காந்து போன்லயே வாங்கிப்பா."

கடை ஓடாவிட்டால் அண்ணிக்கு என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

வாசல் கண்ணாடிக்குப் பின்னால் முதலில் என்ன வைப்பது என்பதையும் தாடி வரைந்து கொடுத்திருக்கிறார். மெத்தைக்கு அடியில் போடும் பாய். குழந்தை மூச்சு விடுவதை அது கவனித்துக்கொண்டே இருக்கும், நின்றால் கூவும். அதற்கு மேலே விளக்கு.

எந்தப் பெயர் வைக்கலாம் என்று வீட்டில் இவரைக் கேட்டேன். ஒரு வாரமாக நாங்கள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. "எனக்கு ஓட்டு கிடையாது. நான் ஏற்கெனவே வேண்டிய அளவு பேசிட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாழாய்ப்போன சிரிப்பு.

மார்ச் 20, வெள்ளி

காலையில் ஒரு காரியம் செய்தேன். 'ஒருவேளை' என்று எழுதிய தாளைக் கடை வாசலில் ஒட்டிவிட்டு, குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். ஒன்றும் தெரியாதவள் மாதிரி நடந்து வந்தேன்.

அந்தப் பெயரைப் பார்த்தால் நான் உள்ளே போவேன். ஓடுவேன். அந்தப் பாயை வாங்குவேன். கெட்டுப்போனால் என்ன செய்வது என்று இன்னொன்றும் வாங்குவேன். வீட்டுக்குப் போய், பாய் வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னும் இரண்டு தடவை எழுந்திருப்பேன்.

தாளைக் கிழித்தேன். குட்டி அதைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். தோண்டி எடுத்தேன்.

அந்தப் பெயர் வேண்டாம் என்று டிசைனர்களிடம் சொன்னபோது தாடி தலையில் கைவைத்தார். பென்சில் மட்டும் கேட்டாள்: "சரி மேடம். வர்ற அம்மாக்கள் கடையை விட்டு வெளிய போறப்ப எப்படிப் போகணும்?"

"வந்ததை விடக் கொஞ்சம் பயம் கம்மியா" என்றேன். "அவ்வளவுதான். கொஞ்சம் போதும்."

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி விடு, அந்தப் பாயை உள்ள வெச்சுக்கலாம். கேட்டா குடுக்கலாம்" என்றார்.

கடைசியில் முடிவான பெயர் 'கைக்குழந்தை'. வெள்ளைப் பலகையில் நீல எழுத்து. வேறொன்றும் கிடையாது.

"படிச்சாலே என்ன கடைன்னு தெரியுது. இதுக்கா ரெண்டு பேரு இத்தனை நாள் உக்காந்து யோசிச்சீங்க?" என்று தாடியைப் பார்த்துக் கேட்டார் அண்ணி. பாவம், தாடி.

ஏப்ரல் 2, வியாழன்

கடை திறந்துவிட்டோம். அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு குட்டியோடு வீட்டில் இருந்தார். மதியம் வரை மூன்று தடவைதான் போன் செய்தேன். நாலாவது போன் அவரே செய்தார்: "எல்லாம் சரியா இருக்கு. நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன்."

சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். நெஞ்சோடு கட்டிய துணிக்குள் குழந்தை, பிறந்து ஒரு மாதம்கூட இருக்காது. நேராக என்னிடம் வந்து, கூவுகிற பாய் இருக்கிறதா என்றாள். எடுத்துக் கொடுத்தேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதைப் போட்டா நான் தூங்கலாமா?"

தூங்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படியே சொல்லும்படி அண்ணி கல்லாவில் இருந்து கண்ணைக் காட்டினார்.

"எனக்குத் தெரியலைங்க. நான் இன்னும் எழுந்துதான் பாக்கறேன். என் பொண்ணுக்கு ஒரு வயசாகப் போகுது."

அவள் அப்படியே நின்றாள். உதடு கோணியது. அடுத்த நொடி பெட்டியைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். சாக்ஸ் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு பெண் திரும்பி, "நானும்தான்" என்றாள், யாரும் கேட்காமலே. மூன்று பேரும் அலமாரிகளுக்கு நடுவில் நின்று பேசினோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாயை அவள் வாங்கவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று போனாள்.

கதவைச் சாத்தும்போது அண்ணி கல்லாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நாளைக்கு எங்க வீட்டுல இருந்து நாற்காலி ரெண்டு கொண்டு வரேன். கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே அழுதா கால் என்னத்துக்கு ஆகும்?"