உன் பேச்சில் வழிசொல்ல ஆளில்லை

இன்று காலை கங்காணி உன் பால்வெட்டும் கத்தியை என் கையில் திணித்து, "இனிமே அவன் மர நிரையையும் நீயே வெட்டு" என்றான். கைப்பிடியில் காய்ந்த ரப்பர் பாலின் புளித்த நாற்றம். நேற்றுத்தான் உன்னைப் புதைத்தோம். ஆத்திரத்தில் அதை வாளிக்குள் விட்டெறிந்தேன்.

கோயமுத்தூர் மலையடிவாரத்திலிருந்து நீயும் உன் மனைவியும் கப்பலேறி இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்த அன்று, கிராணி பதிவேட்டில் உங்கள் பாஷை தமிழ் என்று எழுதினார். "இல்லைங்க, எங்களது இருளப் பேச்சு" என்றாய். "எழுத்தே இல்லாததெல்லாம் ஒரு பாஷையாடா?" என்று அவர் கேட்க, பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தோம். லயத்து வரிசை வீடுகளில் எழுதப் படிக்கத் தெரிந்த நான்தான் உரக்கச் சிரித்தேன். துரை வைதால் கூனிக் குறுகுகிற அதே நான்!

நம் வீடுகளுக்கு நடுவே ஒரு பலகைச் சுவர்தான். நீங்கள் பேசுவது கேட்கும். நாக்கை உள்ளே இழுத்துச் சொல்வது போன்ற ஒலிகள். ஒரு சொல் பிடிபட்டால் நாலு நழுவிவிடும். கொச்சைத் தமிழ் என்று கேலி செய்வேன். "அது வேற, இது வேற அண்ணே" என்பாய். கோபமே வராது உனக்கு. அந்தப் பொறுமை மீதும் எனக்கு இப்போது எரிச்சல்தான்.

உன் மனைவி காய்ச்சலில் போனாள். லயத்து வாசலில் கிடத்திய உடலைச் சுற்றி நீ ஒற்றை ஆளாய் ஆடினாய், உங்கள் பேச்சில் பாடினாய். அது உங்கள் வழக்கமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

"பொணத்த வச்சிக்கிட்டு ஆட்டமாடா? புடிங்கடா அவன!" என்று கங்காணி கத்தினான்.

பிடித்தது நான்.

"விடுங்கண்ணே, அவளுக்கு இந்த ஊர்ல வழி தெரியாது. எங்க பேச்சுலதான் சொல்லி அனுப்பணும்."

விட்டேனா? இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பெண்கள் வந்து தமிழில் ஒப்பாரி வைத்தார்கள்.

அதன்பின் அந்தப் பேச்சு உன் வாயில் வரவே இல்லை. யாரோடு பேசுவாய்? ஒருநாள் வெட்கத்தை விட்டு, அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடு என்று கேட்டேன். "எதுக்குண்ணே, கேலி பண்ணவா?" என்றாய். நன்றாக வேண்டும் எனக்கு.

நேற்று ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைப் பிணமாகக் கொண்டுவந்ததும், உன்னைச் சுற்றி நான் ஆடினேன். "உனக்குமா பைத்தியம்?" என்றான் கங்காணி. "கிட்ட வந்தா தெரியும் சேதி" என்றேன். யாரும் வரவில்லை. மூன்று சுற்று சுற்றிவிட்டு வாயைத் திறந்தேன். ஆறு வருஷம் காதில் விழுந்த பேச்சில் ஒரு சொல்கூட எழவில்லை. "அவகிட்ட போயிரு" என்று தமிழில்தான் சொன்னேன். உனக்காவது புரிந்திருக்கும். அவளைத்தான் பாதி வழியில் நிறுத்திவிட்டேன். நிறுத்தியது இந்தக் கை.