மூடி வைத்த கிண்ணம்

சீரிஸ் குறுங்கோள், பனித்துளை நிலையம்.
பதிவாளர்: அருள்மலர், 17, பயிற்சி மாணவி.

9 மார்ச், 17:40. வழக்கமான பதிவு

துளையின் ஆழம் சரி. காற்றழுத்தம் சரி. என் வயிறு மட்டும் சரியில்லை, பசி.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு: நாங்கள் நான்கு பேர். நிலையத் தலைவர் ஞானசிகாமணி அண்ணாச்சி, டாக்டர் மெஹர் அக்கா, துளைப் பொறியாளர் பேராச்சி அக்கா, அப்புறம் நான். யாருக்கும் யாரும் சொந்தமில்லை. தினமும் இரவுச் சாப்பாட்டோடு ஒரு ஜப்பானியத் தொடர் பார்க்கிறோம். சீரிஸில் சீரியல்!

துறைமுக ஊரில் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. அதன் மாடியில் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், வேலை போன நர்ஸ், வீட்டைவிட்டு ஓடிவந்த கல்லூரிப் பெண். கடைசி ஆள் வரும்வரை யாரும் சாப்பிடும் குச்சியைத் தொடமாட்டார்கள். வராதவரின் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுத் தேடிப் போவார்கள்.

அண்ணாச்சி அதை இங்கே சட்டமாகவே ஆக்கிவிட்டார்: "ஆறரைக்குக் கிண்ணம் மூடியிருந்தா ஆளத் தேடணும்."

பேராச்சி அக்கா தினமும் லேட். துளையில் மட்டுமா பனி, என் சோற்றிலும்தான்.

9 மார்ச், 18:10. ரகசியப் பதிவு

பழைய வானொலிப் பேச்சுகளிலிருந்து பேராச்சி அக்காவின் குரலை வெட்டி ஒட்டிவிட்டேன். கணினியில் நேரமும் குறித்தாயிற்று. ஆறரைக்கு எல்லா ஒலிபெருக்கியிலும் வரும்: "வந்துட்டேன் மக்கா. உடுப்பு மாத்திட்டு வாரேன். நீங்க ஆரம்பிங்க."

நாங்கள் பாதி சாப்பிட்டிருக்கும்போது அக்கா உள்ளே நுழைவார். அந்த முகத்துக்காகவே கேமரா தயார்.

9 மார்ச், 18:55

பலித்தது! அண்ணாச்சி, "அதிசயமால்லா இருக்கு, பேராச்சி நேரத்துக்கு வந்துட்டா" என்று சொல்லி முதல் கரண்டியை எடுத்தார். சூடான சோறு. தொடரில் கல்லூரிப் பெண் முதன்முதலாக மீன் வறுத்துக் கருக்கிவிட்டாள்; எல்லோரும் ரசித்துத் தின்கிறார்கள். மெஹர் அக்கா மூக்கை உறிஞ்சுகிறார். நான் கதவைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

9 மார்ச், 19:30

அக்கா வரவில்லை.

10 மார்ச், 06:20

பனிப்பாளம் சரிந்து அக்காவின் காலைப் பிடித்துவிட்டது. வானொலி நொறுங்கிக் கிடந்தது. நாங்கள் போனபோது காற்றுக்குப்பி காலி. இப்போது வாயில் மூச்சுக்குழாய். கண் திறக்கவில்லை.

மெஹர் அக்கா சொன்னார்: "ஆறரைக்கே போயிருந்தா காத்து மிச்சம் இருந்திருக்கும்."

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்: "உள்ள வந்தவ திரும்ப எதுக்கு வெளிய போனா? எந்திரிச்சு ஒரு எட்டு போய்ப் பாக்காம விட்டுட்டேனே!"

அக்கா உள்ளே வரவே இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. வாயாடி என்று பேரெடுத்த வாய்.

10 மார்ச், 18:20

அண்ணாச்சி சாப்பாட்டு மேசையை மருத்துவ அறைக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கட்டிலை ஒட்டி நான்கு கிண்ணம். ஒன்று மூடியிருக்கிறது. அதை மூடச் சொன்னது என்னை.

10 மார்ச், 18:50

அந்தக் குரலுக்கு நேரம் குறித்தபோது திரையில் "ஒருமுறை" என்ற கட்டத்தைத் தொட்டதாக நினைத்திருந்தேன். நான் தொட்டது "தினசரி".

ஆறரைக்கு, குழாயோடு படுத்திருந்த அக்காவின் தலைக்கு மேலே ஒலிபெருக்கி பேசியது: "வந்துட்டேன் மக்கா. உடுப்பு மாத்திட்டு வாரேன். நீங்க ஆரம்பிங்க."

மெஹர் அக்கா கட்டிலைப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியை. பிறகு என்னை. அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை, கிண்ணத்தின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடிவந்துவிட்டேன். விதைக் கிடங்கில் இருக்கிறேன். உள்தாழ் போட்டாயிற்று.

11 மார்ச், 07:05

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

மெஹர் அக்கா ஒலிபெருக்கியில்: "பேராச்சிக்கு மாற்றமில்ல. உயிர் இருக்கு. அவ்வளவுதான் இப்ப சொல்ல முடியும்."

அண்ணாச்சி: "ஏட்டி, ரெண்டு கிண்ணம் மூடியிருக்கு. நேத்துலருந்து நாங்க இன்னும் ஆரம்பிக்கல."

கிடங்குச் சுவரில் இருந்த பேசும் பொத்தானை அழுத்தி, "எனக்குப் பசிக்கல அண்ணாச்சி. நீங்க ஆரம்பிங்க" என்றேன்.

அண்ணாச்சி:

"ஸ்பீக்கர் சொல்லுறத இனி நாங்க நம்ப மாட்டோம்ட்டி. ஆள் வரணும்."

தாழ்ப்பாளில் கை வைத்திருக்கிறேன். இந்த முகத்தை எப்படிக் காட்டுவேன் என்று தெரியவில்லை. திறக்கிறேன்.