சைகோன் பக்கம்

சேசு மரி சூசை

திண்டிவனம்,
4-7-1938

அன்புள்ள அப்பாவுக்கு மகள் லூர்துமேரி எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். விழுப்புரத்தில் நல்ல மழை என்று ரயிலில் வந்தவர்கள் சொன்னார்கள். இன்ஷூரன்ஸ் பிடிக்கிறேன் என்று காணைக்கும் கெடாருக்கும் நனைந்துகொண்டு சைக்கிளில் போகாதீர்கள்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். நேற்றுப் பூசை முடிந்து வந்து என் தபால் தலை ஆல்பத்தை எடுத்தேன். சைகோனில் இருக்கும் சவுரிராயன் மாமாவின் கடிதங்களிலிருந்து நான் சேர்த்த சைகோன் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அங்கோர் கோயில், நாற்று நடும் பெண்கள், நாட்டியப் பெண், எதுவுமே இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். "எலி இழுத்துக்கினு பூட்டிருக்கும், வுடு" என்கிறார். எலி காகிதத்தைக் கடிக்கும். பெட்டியைத் திறந்து, ஈரத் துணியை வைத்து ஊறவிட்டு, ஓரம் கிழியாமல் உரித்து எடுத்து, மறுபடி பூட்டிவிட்டுப் போகாது. அந்தப் பக்கத்தில் ஈரம் காய்ந்த சுருக்கம் அப்படியே இருக்கிறது.

மீதியாவது தப்ப வேண்டும். மண்டிக்காரர்களின் வேர்க்கடலை மூட்டைக்கு நீங்கள் இன்ஷூரன்ஸ் எழுதுகிறீர்கள். என் ஆல்பத்துக்கும் திருட்டு, நெருப்பு, கரையான், மழை நான்குக்கும் சேர்த்து எழுதித் தாருங்கள். ஏஜண்டின் மகள் என்று சலுகை வேண்டாம். பிரீமியத்தை என் கட்டுரைப் பரிசுப் பணத்திலிருந்து கட்டுவேன்.

இதைக் கேட்டுவிட்டு அம்மா சொன்னது: "ஊரு மல்லாட்டைக்கெல்லாம் காவல் எழுதிக்கினு திரியறாரு ஒங்கப்பா. வூட்டுத் தோட்டத்துக் கதவுக்கு ஒரு தாப்பா போட நேரமில்ல." எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

தங்கள் கீழ்ப்படிந்த மகள்,
மா. லூர்துமேரி

*

விழுப்புரம்,
8-7-1938

செல்ல மகள் லூர்துமேரிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. தாழ்ப்பாள் வாங்கிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்.

ஆல்பத்துக்கு இன்ஷூரன்ஸ் கேட்ட முதல் ஆள் இந்த ஜில்லாவில் நீயாகத்தான் இருக்கும். நான் எழுதுவது நெருப்புக்கு மட்டும். திருட்டுக்கு எழுதுவது சென்னை ஆபீஸ். அதுவும் பங்களாக்காரர்கள் வெள்ளிப் பாத்திரத்துக்கும் நகைக்கும் எடுப்பது. சாமான் எங்கே இருக்கிறது, சாவி யாரிடம், வீட்டில் யார் யார் என்று போலீஸ்காரன் மாதிரி ஒரு பாரம் நிறையக் கேட்பார்கள். உனக்கு எதற்கு அந்தப் பேஜாரு? போனது போகட்டும். மாமா இனிமேல் கடிதமே போடாமலா இருக்கப்போகிறார்?

நல்ல சேதி ஒன்று. போன மாதம் சென்னையிலிருந்து மானேஜர் சீனுவாசன் சார் இங்கே முகாம் வந்திருந்தார். திண்டிவனத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டர் போடப்போகிறார்களாம். என் பெயரைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். கிடைத்தால் இந்த ஓட்டல் சாப்பாட்டுக்கு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டோடு இருப்பேன். அதற்காக ஜெபம் செய். ஆல்பத்தைப் பற்றி அம்மாவிடம் மேலே மேலே பேசிக்கொண்டிருக்காதே.

அன்புள்ள அப்பா,
மாசிலாமணி

*

திண்டிவனம்,
13-7-1938

அன்புள்ள அப்பாவுக்கு, வீட்டோடு இருக்கப்போகிறீர்கள் என்றதும் அம்மா இரண்டு முறை கடிதத்தைப் படிக்கச் சொன்னார். தினமும் ஜெபம் செய்கிறோம்.

நிற்க. திருட்டு இன்ஷூரன்ஸ் பாரம் உங்கள் மேசை அறையிலேயே இருந்தது. அம்மணி டீச்சரிடம் கடினமான வார்த்தைகளுக்கு மட்டும் அர்த்தம் கேட்டுக்கொண்டு பூர்த்தி செய்துவிட்டேன். பாரத்தின் அடியில் சென்னை விலாசம் அச்சாகியிருக்கிறது. நாளைக் காலை தபாலில் சேர்ப்பேன். என் பதில்களில் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

சாமான் இருக்குமிடம்: கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி. சாவி: இரண்டு. ஒன்று என்னிடம், மற்றொன்று அப்பாவின் சாவிக் கொத்தில். முன்பு ஏதாவது களவு போயிருக்கிறதா: ஆம், சைகோன் தலைகள், இந்த மாதம் மூன்றாம் தேதி தெரிந்தது. விலை: தெரியாது.

ஒரு நிபந்தனைதான் எனக்குப் புரியவில்லை. வீட்டில் உள்ளவர்களே எடுத்தால் கம்பெனி அதைத் திருட்டாக ஏற்காதாம். டீச்சரைக் கேட்டேன். "அது வீட்டு விவகாரம், கம்பெனிக்கு எதுக்குன்னு வுட்டுடுவாங்க" என்றார். சொந்த வீட்டில் எடுப்பவர்களும் இருப்பார்களா அப்பா?

சாமானை அடையாளம் காட்ட முடியுமா என்ற கேள்விக்குத்தான் நன்றாகப் பதில் எழுதியிருக்கிறேன். நம் துணி வெளுக்கும் தையல்நாயகி அக்கா, வீட்டுக்கு ஒரு குறி என்று துணி ஓரத்தில் சேங்கொட்டைப் பாலால் போடுகிறார் அல்லவா? நம் வீட்டுக்கு இரண்டு புள்ளி, ஒரு கோடு. எத்தனை வீட்டுத் துணி கலந்தாலும் நம்முடையது நமக்கே வந்துவிடுகிறது. அதனால் மே மாத விடுமுறையில் ஊசி முனையால் ஒவ்வொரு தலையின் பின்பக்கமும் அதே குறியைப் பொடியாகப் போட்டு, மேலே பசை தடவித் திரும்ப ஒட்டிவிட்டேன். விரல் கொப்பளித்தது, இப்போது ஆறிவிட்டது. "துணி கிழிஞ்சாலும் கிழியும், குறி போவாது பாப்பா" என்று அக்கா சொன்னார். பாரத்தில் குறியை வரைந்தும் காட்டியிருக்கிறேன்.

தங்கள் மகள்,
மா. லூர்துமேரி

*

விழுப்புரம்,
15-7-1938

மேரி,

பாரத்தை அனுப்பாதே. சைகோன் தலைகளுக்கும் குறி போட்டாயா, மற்றதற்கு மட்டுமா? அந்தக் குறி முன்பக்கம் தெரியுமா? உடனே எழுது. பாரத்தைக் கிழித்துப் போட்டுவிடு, அல்லது எனக்கு அனுப்பு. இந்த மாதம் வேலை அதிகம், சனிக்கிழமை வர முடியாது.

அப்பா

*

திண்டிவனம்,
27-7-1938

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பாரம் போய்விட்டது. உடனே எழுதாததற்கு மன்னியுங்கள். சென்னையிலிருந்து பதில் வரட்டும் என்று காத்திருந்தேன். நீங்கள் இரண்டு சனிக்கிழமையாக வரவில்லை. "இன்ஸ்பெக்டர் ஆவறதுக்கு முந்தியே வூட்டை மறந்துட்டாரா?" என்று அம்மா கேட்கிறார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். சைகோன் தலைகளுக்குத்தான் முதலில் குறி போட்டேன். போட்டபோது முன்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. காகிதம் துணி மாதிரி இல்லை என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. சேங்கொட்டை எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி, இப்போது எல்லாத் தலைகளிலும் முகத்துக்கு வந்துவிட்டது. ராஜாவின் கன்னத்தில் இரண்டு கறுப்புப் புள்ளி. இலங்கைத் தென்னை மரத்தின் மேல் கோடு. பார்த்துவிட்டு ஒரு மாலை முழுவதும் அழுதேன்.

நேற்று மானேஜர் சீனுவாசன் அவர்களின் கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. டீச்சரிடம் காட்டவில்லை. அகராதியை வைத்து நானே படித்தேன். அதன் சாரம் இது.

கறைபட்ட தபால் தலைக்குச் சந்தையில் விலை இல்லையாம். விலை இல்லாததைக் கம்பெனி இன்ஷூர் செய்யாதாம். ஆகவே என் விண்ணப்பம் தள்ளுபடி. அதற்குக் கீழே தன் கையால் எழுதியிருக்கிறார். அவரும் தபால் தலை சேர்ப்பவராம். விழுப்புரம் முகாமில் ஏஜண்ட் மாசிலாமணி அவருக்குச் சில இந்தோசீனத் தலைகளைக் கொடுத்து, "என் மகள் அன்போடு அனுப்பினாள்" என்றாராம். சில நாட்களாக அவற்றில் கறுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றனவாம். தன் வீட்டு ஈரம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது என் பாரத்தில் அதே குறியைப் பார்த்தாராம். "நீ கொடுத்தது உண்மையானால் என் நன்றி. இல்லையானால் ஒரு வரி எழுது, திருப்பி அனுப்புகிறேன்" என்று முடித்திருக்கிறார்.

அப்பா, நான் அந்த ஒரு வரியை எழுத வேண்டும். என்ன எழுதட்டும்? செவ்வாய்க்கிழமை வரை உங்கள் கடிதத்துக்குக் காத்திருப்பேன். அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மா. லூர்துமேரி

*

விழுப்புரம்,
29-7-1938

என் கண்ணு மேரிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

மானேஜர் வருகிறார் என்றதும் மண்டி முதலாளி ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து வைத்தார். திருக்கோவிலூர் ஏஜண்ட் தேன் ஜாடி கொண்டுவந்தார். என்னிடம் ஒன்றுமில்லை. அவர் என்னைப் பார்த்து, "என்னய்யா மாசிலாமணி, உங்க கிறிஸ்துவங்க நிறையப் பேரு சைகோன்ல இருக்காங்களே, அந்த ஊரு ஸ்டாம்பு எங்கயாவது கண்ணுல படுமா?" என்றார். "எங்க வூட்லயே இருக்குது சார்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அப்புறம் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? முகாம் முடிவதற்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை, நீ ஞானோபதேச வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில் எடுத்தேன். உன்னிடம் கேட்டால் கொடுக்கமாட்டாய் என்று நினைத்தேன். நீ கவனிப்பதற்குள் மாமாவுக்கு எழுதி வேறு வரவழைத்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் வேலையை அடுத்த மாத நடுவில் முடிவு செய்கிறார்கள். எனக்கும் கடலூர்க்காரர் ஒருவருக்கும்தான் போட்டி. ஏஜண்ட் பொய் சொன்னான் என்று வந்தால் அந்த வேலை கிடைக்காது. இருப்பதும் நிலைக்குமோ என்னவோ. ஆறு வருஷமாக உங்களை அங்கே விட்டுவிட்டு இங்கே தனியாகக் கிடக்கிறேன். "நான்தான் அன்போடு கொடுத்தேன்" என்று மட்டும் எழுதிவிடு. உனக்குக் கெட்டி அட்டை போட்ட புது ஆல்பம் சென்னையிலிருந்து வாங்கித் தருகிறேன்.

இது தகப்பன் மகளிடம் கேட்கிற காரியம் இல்லை. தெரிந்துதான் கேட்கிறேன்.

அப்பா

*

திண்டிவனம்,
2-8-1938

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்ன வரியை எழுதிப் பார்த்தேன். இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதிப் பார்த்தேன். பிழையில்லாமல்தான் வந்தது. ஆனால் கீழே என் பெயரைக் கையெழுத்துப் போட முடியவில்லை. இன்று காலை வேறு கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். உங்களுக்குத் தெரியாமல் எதுவும் செய்யக்கூடாது என்பதால் அதன் நகலைத் தருகிறேன்.

"கனம் மானேஜர் அவர்களுக்கு. அந்தத் தலைகள் என்னுடையவை. நான் அவற்றைக் கொடுக்கவில்லை. தயவுசெய்து திருப்பி அனுப்பவும். வீட்டில் உள்ளவர் எடுத்தால் அது திருட்டு ஆகாது என்று தங்கள் பாரத்திலேயே அச்சிட்டிருக்கிறது. ஆகையால் என் அப்பாவைத் தாங்களும் திருடர் என்று நினைக்க வேண்டாம். போன கோடையில் மண்டியில் நெருப்புப் பிடித்தபோது வெந்த மூட்டை எத்தனை, வேகாத மூட்டை எத்தனை என்று ஒரு மூட்டைகூடக் கூட்டிச் சொல்லாமல் எழுதிக் கொடுத்தவர் அவர். அதற்காக மண்டிக்காரர் அவரிடம் ஒரு மாதம் பேசவில்லை. தங்கள் ரிக்கார்டில் பார்த்துக்கொள்ளலாம். தலைகளை அனுப்பும் தபால் செலவை நான் கொடுத்துவிடுகிறேன்."

அப்பா, நீங்கள் வீட்டோடு இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லையா? சாயங்காலம் பாசஞ்சர் வரும்போது, அது உங்களைக் கொண்டுவராத நாளிலும் நான் வாசலுக்குப் போகிறேன். ஆனால் அந்த வரியை எழுதினால், நீங்கள் வந்த பிறகும் அது நம்மோடு வீட்டில் இருக்கும்.

கேட்டால் கொடுக்கமாட்டேன் என்று ஏன் நினைத்தீர்கள்? நாட்டியப் பெண்ணை மட்டும் நான் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் கொடுத்திருப்பேன். கொஞ்சம் அழுதிருப்பேன், ஆனால் கொடுத்திருப்பேன்.

புது ஆல்பம் வேண்டாம். பெட்டிச் சாவியை உங்கள் கொத்திலிருந்து கழற்றவும் வேண்டாம். அது வீட்டுச் சாவி. சனிக்கிழமை வாருங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு அங்கேயே இருந்தால் அம்மாவுக்கு நான் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். எனக்குப் பொய் சரியாக வராது.

தங்கள் அன்பு மகள்,
மா. லூர்துமேரி

*

விழுப்புரம்,
18-8-1938

என் மகள் லூர்துமேரிக்கு அப்பா எழுதுவது.

நீ வரச் சொன்ன சனிக்கிழமை ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன். டிக்கெட்டும் வாங்கினேன். ஏற முடியவில்லை. அதற்குப் பதிலாக மறுவாரம் சென்னை ரயிலில் ஏறி மானேஜரைப் பார்த்துவிட்டு வந்தேன். நடந்ததை என் வாயாலேயே சொன்னேன். உன் பாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு, "ஒம்ம பொண்ணு எழுதின மாதிரி ஒரு பாரம் எங்க ஏஜண்டுங்கள்ல ஒருத்தன்கிட்ட இருந்தும் வந்ததில்லைய்யா" என்றார். தலைகளை ஒரு உறையில் போட்டு என்னிடமே கொடுத்தார். உறையைப் பிரிக்காமல் கொண்டுவருகிறேன்.

இன்ஸ்பெக்டர் வேலை கடலூர்க்காரருக்குப் போய்விட்டது. என் ஏஜன்சி இருக்கிறது. ஓட்டல் சாப்பாடும் இருக்கிறது. அம்மாவுக்கு நானே எல்லாவற்றையும் சொல்வேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். இந்தச் சனிக்கிழமை கட்டாயம் வருகிறேன்.

நேற்று கெடாருக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில், மலாயாவில் ஈப்போவிலிருந்து எப்போதோ வந்த பழைய கடிதக் கட்டு ஒன்று பரணில் கிடக்கிறது. உறைகளின் மேல் பாயும் புலி போட்ட தபால் தலைகள். சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று பார்த்தேன். கறை இல்லை. கேட்டால் கொடுப்பார் என்று தோன்றுகிறது. ஆனால் உன்னிடம் புலி ஏற்கெனவே இருக்கிறதா, உனக்கு அது வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அவரிடம் ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன்.

வேண்டுமா? ஒரு வரி எழுது. உன் பதில் வந்த பிறகுதான் கெடாருக்குப் போவேன்.

அன்புள்ள அப்பா,
மாசிலாமணி